விருந்தாளி நாற்காலி

நாற்காலி ஒரு டைல் முன்னால் வந்திருந்தது.

வயரக்கா அதைச் சுவரோடு சுவராகத்தான் போட்டுவிட்டுப் போயிருந்தாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பி வருவதற்குள் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு டைல் முழுசாகத் தெரிந்தது, துடைப்பம் எட்டாத ஓரத்து அழுக்கோடு. அறையில் இருந்தது தங்கை மட்டும்தான். அவளோ கட்டிலை விட்டு இறங்கக்கூடிய நிலையில் இல்லை. தலை முழுக்கப் பசை வைத்து ஒட்டிய வயர்கள் ஒரு கற்றையாகப் பின்கழுத்து வழியே இறங்கிச் சுவரில் இருந்த பெட்டிக்குள் போயின. அந்தப் பசைக்கு நகப்பூச்சு மாதிரி ஒரு காட்டமான வாசனை. அறைக்குள் நுழைந்தாலே மூக்கைத் துளைக்கும்.

"நீ இறங்கினியா?" என்று கேட்டாள் வயரக்கா.

"இறங்கினா உன் மிஷின் கத்துமே. கத்துச்சா?"

கத்தவில்லை. வயரக்கா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் தள்ளினாள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, ஒற்றை விரலால் தூக்கிவிடலாம். தள்ளும்போது உள்ளங்கை அதன் இருக்கையில் பட்டது. பஸ்ஸில் ஒருவர் எழுந்து போன சீட்டில் உடனே உட்கார்ந்தால் தெரியுமே ஒரு வெதுவெதுப்பு, அது இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்த அறை அது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஏன் துடைத்தாள் என்று தெரியாமலே.

"எதுக்கு இந்த நாற்காலி? நீ உக்காரப் போறியா?"

"இல்ல. சும்மா."

"சும்மா எதுக்குப் போடணும்? என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்குது."

வயரக்கா தண்ணீர் பாட்டிலைக் கட்டில் ஓரம் வைத்தாள்.

அந்த ஆராய்ச்சிப் பிரிவில் அவளை எல்லோரும் வயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயர் ஒட்டுவது, பக்கத்துக் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது, இரண்டும் அவள் வேலை. உடம்பில் எது இழுத்தாலும், எது இறுகினாலும் அங்கே ஆராய்ச்சி உண்டு. கெண்டைக்கால் சதை முறுக்கிக் குரக்களி ஏறி அலறுகிறவர்கள் வருவார்கள். ரத்தக்குழாய் சுருங்கி விரலெல்லாம் சுண்ணாம்பு நிறமாகிறவர்கள் வருவார்கள். வலிப்புக்காரர்கள் வருவார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளில் இதெல்லாம் வராமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். இங்கே கதை தலைகீழ். வந்தால்தான் பதிவு செய்ய முடியும், பதிவானால்தான் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அதனால் மருந்தைக் குறைப்பார்கள், தூங்க விடமாட்டார்கள், கண்ணுக்கு நேரே விளக்கை மினுக்குவார்கள், கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்வார்கள். அப்படியும் வரவில்லை என்றால் நாற்காலி போடுவார்கள்.

வெள்ளைக் கோட்டு மாட்டிய யாரும் இதை வெளியில் சொல்லமாட்டார்கள். ஆரம்பத்தில் யாரோ பார்வையாளர் நாற்காலியை மறந்து அறையிலேயே விட்டுவிட்டுப் போனார்களாம். நாலு நாளாக வராமல் சண்டித்தனம் செய்த வலிப்பு அன்றைக்கு வந்து நின்றதாம். அடுத்த நோயாளிக்கும் விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தார்கள், அவருக்கும் வந்தது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. சுவரோரம், கட்டிலைப் பார்த்த மாதிரி, காலியாக. விருந்தாளி வருகிறார், உட்கார இடம் வேண்டாமா என்று ஜோக் அடிப்பார் பெரிய டாக்டர். எதற்கெடுத்தாலும் பறக்கிற ஆள், பிரிவில் அவருக்கு அவசரம் என்று பெயர். அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், நாற்காலியைப் பார்த்து மட்டும் சிரிப்பதில்லை.

போடுவதும் எடுப்பதும் துப்புரவு வேலை செய்கிற ஆயாவின் பொறுப்பு. பதிவு முடிந்ததும் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, போக மனசில்லாத விருந்தாளியை விரட்டுவது போல, "வந்த வேலை முடிஞ்சுதில்ல, கிளம்பு" என்பாள். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் கை வைப்பாள். ஒருநாள் வயரக்கா கிண்டல் செய்தபோது ஆயா சிரிக்காமலே சொன்னாள்: "உக்காரச் சொன்னவங்கதான் அனுப்பியும் வைக்கணும். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல."

போன மாதம் ஒரு தையல்காரர் வந்திருந்தார். விரல் வெளுக்கிற வியாதி. ஐஸ் தண்ணீருக்கெல்லாம் அவர் விரல்கள் அசரவில்லை. நாற்காலி வந்த பிறகு சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக வெளுத்தன, வெளுப்பு மணிக்கட்டைத் தாண்டியது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவே இல்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "வலி கிடக்கட்டும்மா. பக்கத்துல ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை ஓடாது" என்றார். அறையில் அப்போது யாரும் இல்லை. வயரக்கா அதைக் காய்ச்சல் பேச்சு என்று விட்டுவிட்டாள். அவருக்குக் காய்ச்சல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஊரார் உடம்பு என்றால் இப்படி விட்டுவிடலாம். இப்போது கட்டிலில் இருப்பது கூடப் பிறந்தவள்.

தங்கைக்கு வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம். இன்னும் ஒரே ஒரு பதிவு வேண்டும். நாளை காலையில் அந்தக் கட்டில் வேறொருவருக்கு. அதற்குள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தது. மாமியார் குழந்தையைத் தங்கையிடம் தருவதில்லை. பால் கொடுக்கும்போதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து அடியில் தன் கையை ஏந்திப் பிடித்திருப்பாள், பெற்றவள் எந்த நிமிஷமும் போட்டுவிடுவாள் என்பது போல. அதைப் பற்றித் தங்கை அழுததில்லை. அழாததைத்தான் வயரக்காவால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் காலையில் டாக்டர் அவசரம் போன் செய்து, "நாற்காலியைப் போட்டாச்சா?" என்று கேட்டபோது, "ஆயா லீவு சார், நானே போடறேன்" என்று சொல்லிவிட்டாள். விடுமுறை நாள். பிரிவில் அவளையும் ஒரு நர்ஸையும் தவிர ஊழியர்கள் யாரும் இல்லை. வாய் வரைக்கும் வந்த வேறு ஏதோ பேச்சை விழுங்கிக்கொண்டு போய், தாழ்வாரக் கோடியில் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை உருவி எடுத்து வந்தாள்.

"தூங்காம கண்ணு எரியுது. பசிக்குது. குழந்தை எப்படியிருக்குன்னு தெரியல," என்றாள் தங்கை. "நீ எனக்கு அக்காவா, இல்ல அவங்களுக்கு ஆளா?"

"உனக்காகத்தான்டி எல்லாம்."

"எனக்கு வரணும்னு வேண்டிக்கிட்டுத் திரைக்கு முன்னாடி உக்காந்திருக்கிற ஒரே ஆளு நீதான். போ. போய் உக்காரு."

அந்தப் பேச்சு ஊசி மாதிரி இறங்கியது. வயரக்கா கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

பயப்படுவதற்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிவுக்கு ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். ஜன்னலே கிடையாது, டியூப்லைட்டை அணைப்பதும் கிடையாது. வெளியே பட்டப்பகல்தான். உள்ளே காலைக்கும் ராத்திரிக்கும் ஒரே வெளிச்சம், நிழலே விழாத, மனுஷ முகத்தை மாவு பூசின மாதிரி காட்டுகிற ஒரு வெளிச்சம். ஏசி எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது, திரைப்பெட்டியின் விசிறி அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது, மைக் வழியாகத் தங்கையின் மூச்சும் கட்டில் கம்பியின் சின்னச் சின்னச் சத்தமும் அவள் காதுக்கு வந்துகொண்டே இருந்தன. திரையின் ஒரு பாதியில் மூளையின் அலைக்கோடுகள். மறுபாதியில் கூரை மூலையிலிருந்து கேமரா பார்க்கிற அறை: கட்டில், தங்கை, நாற்காலி.

நாற்காலி சுவரோடு ஒட்டியிருந்தது. நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மைக்கில் ஒரு சத்தம் கேட்டது. கிறீச். பிளாஸ்டிக் நாற்காலியில் கனமான ஆள் உட்காரும்போது கால்கள் அகன்று தரையில் வழுக்குமே, அந்தச் சத்தம். கல்யாண மண்டபத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறாள். அதனாலேயே முதலில் அது அவள் மனசில் பதியவில்லை. பதிந்ததும் குனிந்து திரையைப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு டைல் தெரிந்தது.

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அக்கா," என்றாள், கண்ணை எடுக்காமல். "இந்த நாற்காலியை எடுத்துடேன்."

வயரக்காவின் விரல் பேசும் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தினால் போதும். எழுந்து போய் எடுத்தால் போதும். ஒரு பதிவு, ஒரே ஒரு பதிவு என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அவள் குரல்தான். வேறு யார்மேலும் பழி போட முடியாது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றாள்.

தங்கையின் இடது கட்டை விரல் துள்ளியது.

அப்படித்தான் அது தொடங்கும். முதலில் இடது கட்டை விரல், ஏதோ பொத்தானை அழுத்துகிற மாதிரி. பிறகு மணிக்கட்டு. பிறகு வாயின் ஓரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், பேச்சு நின்றுவிடும். "உள்ள எல்லாம் தெரியும்க்கா, வார்த்தை மட்டும் வராது. வாயை ஓரமா இழுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்," என்று தங்கை ஒருமுறை சொல்லியிருந்தாள். அதற்கப்புறம்தான் நினைவு போகும். திரையில் கோடுகள் எழுந்து ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டன. தெளிவான தொடக்கம், ஒரே இடத்தில். பதிவாகிவிட்டது. சந்தோஷத்தில் வயரக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நர்ஸ் ஓடி வந்து தங்கையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். இழுப்பு மெல்லத் தணிந்தது. வயரக்கா போனை எடுத்தாள்.

"சார், வந்துடுச்சு."

"சபாஷ். தொடக்கத்தைக் குறிச்சு அனுப்புங்க," என்றார் அவசரம். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

மறுபடியும் மைக்கில் கிறீச்.

இரண்டாவது இழுப்பு முதல் இழுப்பு முடிந்த ஈரம் காயும் முன்னே வந்தது. அப்படித் தங்கைக்கு வந்ததே இல்லை. நர்ஸ் ஊசி போட்டாள். நிற்கவில்லை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி, தங்கை ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள், உடனே மூன்றாவது. நர்ஸ் வேறு மருந்து எடுக்க அடுத்த வார்டுக்கு ஓடினாள். வயரக்கா உள்ளே வந்தபோது தங்கையின் உதடு நீலமாகியிருந்தது.

நாற்காலி கட்டிலை ஒட்டி நின்றது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஆயாவின் அந்த ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்திருக்கும். பாய்ந்து போய் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தாள். நகர்ந்தது. கால்கள் தரையில் முனகின. ஒற்றை விரலால் தூக்குகிற நாற்காலி. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. வாசலில் படி தட்டியது. கட்டிப்பிடித்துத் தூக்கினாள். முகம் நாற்காலியின் முதுகோடு ஒட்டியது. பசை வாசனை. வேறு ஒரு வாசனையும். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருவது.

வாசலைத் தாண்டினாள். பின்னால் தங்கையின் இழுப்பு நின்றது. மெல்லத் தணியவில்லை, விளக்கை அணைத்த மாதிரி நின்றது.

தாழ்வாரக் கோடி வரை கொண்டுபோய் அடுக்கோடு அடுக்காக வைத்துவிட நினைத்தாள். போகிற வழியில் எல்லா அறைக் கதவும் திறந்திருந்தது. கெண்டைக்கால் நோவுக்கு வந்த லாரி டிரைவர். அவருக்கு அடுத்த அறையில் கல்லூரிப் பெண் ஒருத்தி. அந்த வாசல்களைத் தாண்டி இதைத் தூக்கிக்கொண்டு போக அவளால் முடியவில்லை. தாழ்வாரத்திலேயே தன் பார்வையில் இல்லாமல் விட்டுவிடவும் தைரியம் வரவில்லை. தன் அறைக்குள் இழுத்து வந்தாள். கதவைச் சாத்தினாள்.

நாற்காலியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் விட்டாள். மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

திரையில் நர்ஸ் திரும்பி வந்திருந்தாள். தங்கையின் வாயைத் துடைத்தாள், நாடி பார்த்தாள், தலையை ஆட்டிக்கொண்டாள். உதட்டில் நிறம் வந்துவிட்டது. வயரக்காவின் நெஞ்சுப் பாரம் இறங்கியது. தங்கை பிழைத்துவிட்டாள். ஆபரேஷன் நடக்கும். குழந்தையை அவள் தனியாகத் தூக்குவாள், யார் கையும் அடியில் இல்லாமல்.

வேலை பாக்கி இருந்தது. தொடக்கத்தைக் குறிக்கப் பதிவைத் திருப்பி ஓட்டினாள். குறித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்காமல் ஓட்டிக்கொண்டே போனது.

படத்தில் அவளே உள்ளே பாய்ந்து வந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதை இழுத்த விதம் காலி நாற்காலியை இழுக்கிற விதமில்லை. நடக்க முடியாதவரை நாற்காலியோடு தூக்கிப் போவார்களே, முதுகைப் பின்னால் வளைத்து, கீழே விழுந்துவிடக்கூடாதே என்று நிதானம் பார்த்து, அப்படித் தூக்கிப் போனாள். அத்தனை இழுப்பிலும் தங்கையின் கண்கள் திறந்திருந்தன. அவை அக்காவைப் பார்க்கவில்லை. இருக்கைக்கு மேலே, உட்கார்ந்திருப்பவரின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் எதையோ பார்த்தன. வாசல் வரைக்கும் அதையே தொடர்ந்து வந்தன.

பக்கத்தில் கிறீச்.

அவள் திரும்பவில்லை. எல்லா அறைக்கும் கேமரா உண்டு. கேமராவைப் பார்க்கிற அறைக்கு மட்டும் கேமரா கிடையாது. எத்தனையோ வருஷம் அதில் உட்கார்ந்தும் இது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆயா ஞாபகத்துக்கு வந்தாள். இடுப்பில் கை. உக்காரச் சொன்னவங்கதான் அனுப்பியும் வைக்கணும். நான் சொல்லவில்லையே. போட்டது நான். எடுத்தது நான். சொல்லவில்லையே.

கிளம்பு. ஒரு வார்த்தைதான். சொன்னால் போதும்.

வாயைத் திறந்தாள். மேஜை மேல் இருந்த இடது கை மெல்ல அசைந்தது. அவள் அசைக்கவில்லை. கட்டை விரல் துள்ளியது. பொத்தானை அழுத்துகிற மாதிரி.

"கி," என்றாள்.

வாயின் ஓரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டது.

"அக்கா," என்று மைக்கில் தங்கையின் குரல் வந்தது. களைத்த குரல். ஆனாலும் கோபம் போயிருந்தது. "அக்கா, இருக்கியா? கிடைச்சுடுச்சாமே. நர்ஸ் சொன்னாங்க."

வலது கை பொத்தானைத் தேடியது. கிடைத்தது. அழுத்தினாள். சத்தம் வரவில்லை. நாக்கு இருக்கிறது. வார்த்தை இருக்கிறது. உள்ளே எல்லாம் தெரிகிறது.

"காலையில என்னென்னமோ பேசிட்டேன். தூக்கம் இல்லாத பேச்சு. மனசுல வெச்சுக்காத." தங்கை கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். காத்திருந்தாள். திறந்த மைக்கின் கொறகொறப்பு மட்டும் அவள் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. "அக்கா?"

மணிக்கட்டு துள்ளியது.

"சரி. பேசாத," என்றாள் தங்கை. "உனக்கு எப்பவும் இதே வீம்புதான்."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தூக்கம். உடனே வந்துவிட்டது. மூச்சு சீராக ஏறி இறங்குவது மைக்கில் கேட்டது. நர்ஸ் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

திரையில் தங்கை தூங்கினாள். திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள், கைப்பிடியோடு கைப்பிடி உரச. வெள்ளை நாற்காலியின் கால்கள் தரையில் மெல்ல அகன்றன, உட்கார்ந்திருப்பவர் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக அவள் பக்கம் சாய்வது போல.